ஆற்றில் இட்ட பொன்னும் மாற்று உரைத்த கல்லும்

'ஆற்றில் போட்டுவிட்டுக் குளத்தில் தேடுவதா?' என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். நடவாத காரியத்தை எதிர்பார்த்துக் காத்திருப்பவரைப் பார்த்துச் சொல்லும் வார்த்தை அது. திருவாரூரில் பிறந்தவர்களுக்கு மட்டும் அது வெறும் கேலியாக ஒலிப்பதில்லை. ஆற்றில் இட்டதைக் குளத்தில் எடுத்தவரின் வரலாறு எங்கள் ஊருக்கு உரியதாயிற்றே!

சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருமுதுகுன்றத்தில், அதாவது இன்றைய விருத்தாசலத்தில், இறைவனைப் பாடிப் பன்னிரண்டாயிரம் பொன் பெற்றார். அப்பொன்னை மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்துக்கொள்ளுமாறு இறைவனின் ஆணை பிறந்தது. சுவாமிகள் அவ்வாறே செய்தார். ஆனால் ஆற்றில் இடுவதற்கு முன் மாதிரிக்காக ஒரு துண்டுப் பொன்னை வெட்டித் தம் கையில் வைத்துக்கொண்டார். அந்த மாதிரித் துண்டுக்கு 'மச்சம்' என்று பெயர். திருவாரூருக்கு வந்து, ஆற்றில் இட்ட பொன்னைக் குளத்தில் எடுக்கப் போவதாகச் சொன்னபோது, பரவை நாச்சியாரே சிறுமுறுவலோடு வியந்தார் என்று சேக்கிழார் பெருமான் பாடுகிறார். பின்னர்க் கமலாலயத்தில் பொன் கிடைத்தது. அதை மச்சத்தோடு ஒப்பிட்டு உரைத்துப் பார்த்தபோது மாற்றுக் குறைந்திருந்தது. சுவாமிகள் மீண்டும் பாடினார், மாற்றுச் சரியாயிற்று. அந்நிகழ்ச்சியின் நினைவாகத்தான் மாற்றுரைத்த விநாயகரை எங்கள் ஊரில் இன்றும் வழிபடுகிறோம்.

வாசகர்கள் நன்கறிந்த இவ்வரலாற்றை நான் நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. கடந்த எட்டு ஆண்டுகளாக எனக்கு வரும் வருமானமும் ஏறத்தாழ அப்படித்தான் வருகிறது. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் ஒரு கடைக்காரர் தம் வங்கியில் பணத்தை இடுகிறார். நான் திருவாரூர் மாவட்டத்தில் இருந்தபடி எடுத்துக்கொள்கிறேன். அவரை நான் நேரில் கண்டதில்லை. இணையத்தின் வழியே அவருடைய கடைக்குக் கணக்கு எழுதுகிறேன். இத்தொழிலில் நான் இறங்கியபோது என் பெற்றோருக்கு எழுந்த ஐயங்களையும், அந்த ஐயங்கள் எனக்குச் செய்த நன்மையையும் பெரியோர்களாகிய உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். உங்கள் இல்லத்திலும் ஒரு பேரனோ பேத்தியோ இதே வழியைத் தேடிக் கணினியின் முன் அமர்ந்திருக்கக்கூடும்.

வேலைக்குப் 'போகாத' பெண்

என் தந்தையார் அஞ்சல் துறையில் 36 ஆண்டுகள் பணியாற்றி 2016-இல் ஓய்வு பெற்றவர். அலுவலகம் முடிந்ததும் தியாகேசர் சந்நிதியில் சாயரட்சை தரிசனம் செய்துவிட்டுத்தான் வீடு திரும்புவார். ஓய்வுக்குப் பின்னும் அந்த வழக்கம் மாறவில்லை. மகள் அரசுப் பணியில் அமர வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் விருப்பம். தேர்வாணையத் தேர்வுக்கும் வங்கித் தேர்வுக்கும் உரிய புத்தகங்களை நான் கல்லூரியில் சேர்ந்த ஆண்டிலேயே வாங்கி அடுக்கி வைத்திருந்தார்.

2017-இல் நான் வணிகவியல் பட்டம் பெற்றேன். கல்லூரியில் எனக்கு மூத்தவரான ஓர் அக்கா, வெளிநாட்டுச் சிறு கடைகளுக்கு வீட்டிலிருந்தே கணக்கு எழுதி வந்தார். அவரிடம் ஆறு மாதம் பயின்றேன். ஆஸ்திரேலியாவில் நிதியாண்டு ஜூலை முதல் நாள் தொடங்கி ஜூன் 30-இல் முடிகிறது. அங்கே சரக்கு மற்றும் சேவை வரி 10 விழுக்காடு. சிறு வணிகர்களில் பெரும்பாலோர் மூன்று மாதத்துக்கு ஒரு முறை அந்த வரிக்கணக்கைக் கொடுக்க வேண்டும். நாள்தோறும் வரும் பட்டியல்களையும் வங்கி வரவு செலவுகளையும் ஒப்பிட்டு, அந்தக் கணக்குக்கு வேண்டியவற்றை ஆயத்தம் செய்து கொடுப்பதே என் வேலை. நம்மூர் அரிசி மண்டியில் கணக்குப் பிள்ளை செய்துவந்த அதே வேலைதான். மண்டி மட்டும் கடல் கடந்து இருக்கிறது.

இதைத் தொழிலாகக் கொள்ளப் போகிறேன் என்று சொன்ன அன்று வீட்டில் யாரும் கோபிக்கவில்லை. தந்தையார் வெகுநேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, "நியமனக் கடிதம் உண்டா அம்மா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "வருங்கால வைப்பு நிதி பிடிப்பார்களா?" அதுவும் இல்லை. "உனக்கு மேலதிகாரி யார்?" அப்படி ஒருவர் இல்லை. "பிறகு அதற்கு வேலை என்று எப்படிப் பெயர் வைப்பது?" என்றார். அக்கேள்வியில் ஏளனம் இல்லை. அவர் அறிந்த உலகத்தில் ஒரு மனிதனின் உழைப்புக்கு முத்திரையும் கையொப்பமும் சாட்சியாக இருந்தன. அவ்விரண்டும் இல்லாத உழைப்பை எவ்வாறு அடையாளம் காண்பது என்றுதான் கேட்டார்.

என் தாயாரின் கவலை வேறு. வரன் பார்க்க வருபவர்களிடம் பெண் என்ன செய்கிறாள் என்று சொல்வது? தெருவில் உள்ளவர்களும், "பெண் வேலைக்குப் போகவில்லையா?" என்று நாள்தோறும் விசாரித்தார்கள். நம் மொழியில் வேலைக்குப் 'போகிறோம்'. காலையில் குளித்து, உணவுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, வாசற்படி இறங்கினால்தான் வேலை. விடியும் முன் எழுந்து உள்ளறையில் அமர்ந்து உழைப்பவள் எங்கும் போவதில்லை. ஆகவே அவளுக்கு வேலையும் இல்லை!

ஐயம் பிறந்த இடம்

தந்தையாரின் ஐயத்துக்கு வேரும் இருந்தது. முற்காலத்தில் பத்திரிகைகளில் வந்த விளம்பரங்கள் உங்களுக்கு நினைவிருக்கும். மிகக் குறைந்த விலையில் வானொலிப் பெட்டி, கைக்கடிகாரம் என்று ஆசை காட்டுவார்கள். வி.பி. பார்சலாக வரும். பணத்தைக் கட்டிப் பெற்றுக்கொண்டு பிரித்தால் உள்ளே செங்கல் இருக்கும். அஞ்சலகச் சாளரத்தின் முன் நின்று அழுத ஏழைகளை அவர் தம் கண்ணால் கண்டவர். பணம் வாங்கிக் கொடுத்த கை தம்முடையதாக இருந்ததே என்ற வருத்தம் அவருக்கு இறுதிவரை இருந்தது.

நான் தொழில் தொடங்கிய காலத்திலேயே எங்கள் தெருவில் இன்னொரு நிகழ்ச்சியும் நடந்தது. காணொளிகளைப் பார்த்து விருப்பக் குறி இட்டால் பணம் தருவதாக ஓர் இளைஞனுக்குச் செய்தி வந்தது. முதல் இரண்டு நாள்கள் நூறும் இருநூறுமாக உண்மையிலேயே பணம் வந்தது. அதன்பின், பெரிய வேலைக்குப் பிணைத்தொகை கட்ட வேண்டும் என்றார்கள். தாயாரின் வளையல்களை அடகு வைத்து 60,000 ரூபாய் கட்டினான். மறுநாள் அந்த எண்ணே இயங்கவில்லை. அதைக் கேட்ட தந்தையார், "பெட்டிதான் மாறியிருக்கிறது, உள்ளே அதே செங்கல்" என்றார்.

அன்றிரவு அவர் நாட்காட்டித் தாள் ஒன்றின் பின்புறத்தில் ஐந்து கேள்விகளை எழுதி என்னிடம் கொடுத்தார். பணம் தருபவர் யார், அவருடைய முகவரி என்ன? எந்த வேலைக்காகத் தருகிறார்? உன்னிடம் முன்பணம் ஏதேனும் கேட்கிறாரா? பணம் எவ்வழியாக வருகிறது, வழியில் யார் எவ்வளவு பிடிக்கிறார்கள்? வராவிட்டால் யாரிடம் கேட்பது? "இவற்றுக்கு விடை எழுதிக் கொண்டு வா. சரியாக இருந்தால் ஓர் ஆண்டு செய்து பார். ஆண்டின் முடிவில் கணக்கைக் காட்டு. நான் நடுவில் குறுக்கிட மாட்டேன்" என்றார்.

விடை எழுத எனக்கு நான்கு நாள்கள் ஆயின. வேலை தருபவரையும் செய்பவரையும் இணைக்கும் இடைநிலை இணையதளம் ஒன்றின் வழியேதான் நான் தொடங்கினேன். அங்கே வேலை தருபவர் முதலில் பணத்தை அத்தளத்திடம் செலுத்திவிட வேண்டும். வேலை முடிந்து அவர் ஒப்புதல் அளித்தபின் அது செய்தவருக்கு வரும். இதை எழுதிக் காட்டியபோது தந்தையாரின் முகத்தில் முதன்முறையாகத் தெளிவைக் கண்டேன். "மணியார்டரும் இப்படித்தான். அனுப்புகிறவர் பணத்தைக் கட்டிய பிறகுதான் படிவம் புறப்படும். பெறுகிறவர் கையொப்பம் இட்ட ஒப்புதல் சீட்டுத் திரும்பி வரும்" என்றார். 1880-இல் நம் அஞ்சலகங்களில் மணியார்டர் வந்தபோதும், காணாத ஊரிலிருந்து காகிதத்தின் வழியே பணம் வருமா என்று அன்றைய பெரியவர்கள் ஐயுற்றிருப்பார்கள் அல்லவா என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டார்.

மாற்றுக் குறைந்த முதல் வருமானம்

முதல் மாத வேலைக்குப் பேசிய ஊதியம் 200 ஆஸ்திரேலிய டாலர். அப்போது ஒரு டாலர் ஏறத்தாழ 50 ரூபாய். ஆகவே 10,000 ரூபாயை எதிர்பார்த்திருந்தோம். வங்கிக் கணக்கில் வந்து சேர்ந்தது 7,640 ரூபாய்.

தந்தையார் பூதக் கண்ணாடியோடு அமர்ந்தார். இடைநிலைத் தளத்தின் பங்கு ஐந்தில் ஒன்று. 40 டாலர் அங்கே போயிற்று. எஞ்சிய 160 டாலருக்கு 50 ரூபாய் கிடைக்கவில்லை. 48 ரூபாய் 50 காசு வீதமே கணக்கிட்டிருந்தார்கள். 8,000 வர வேண்டிய இடத்தில் 7,760. அதிலும் 120 ரூபாய் வங்கிக் கட்டணம். "ஐந்தில் ஒரு பங்கா! நாங்கள் நூறு ரூபாய்க்கு ஐந்து ரூபாய் கமிஷன் வாங்கியதற்கே ஜனங்கள் முணுமுணுப்பார்கள்" என்று அவர் திகைத்தார். சற்று நேரம் கழித்து, "காசு வந்துவிட்டது. ஆனால் வாசி இருக்கிறது" என்றார்.

திருவீழிமிழலை எங்கள் ஊருக்கு அருகில்தான் இருக்கிறது. பஞ்ச காலத்தில் அத்தலத்து இறைவன் திருஞானசம்பந்தருக்கும் திருநாவுக்கரசருக்கும் நாள்தோறும் படிக்காசு அருளினான். அப்பர் பெருமானின் காசு கடைவீதியில் முழு மதிப்புக்குச் சென்றது. சம்பந்தப் பெருமானின் காசுக்கோ வாசி, அதாவது மதிப்புக் குறைவு இருந்தது. அதனால் அவருடைய மடத்தில் அடியார்களுக்கு அமுது படைக்கத் தாமதமாயிற்று. கையால் தொண்டு செய்தவர் என்பதால் அப்பருக்கு வாசியில்லாக் காசு கிடைத்தது என்று உணர்ந்த பிள்ளையார், பதிகம் பாடி வாசி நீங்கப் பெற்றார். அடியார்களின் பசியை முன்னிட்டு ஆண்டவனிடமே வாசியைப் பற்றிப் பேசலாம் என்றால், மனிதர்களிடம் பேசுவதில் என்ன தயக்கம் என்பது தந்தையாரின் கட்சி.

அன்று தொடங்கி வரவு ஒவ்வொன்றையும் அவர் உரைத்துப் பார்த்தார். பேசிய தொகை, பிடித்தம், மாற்று வீதம், வந்த தொகை என நான்கு பத்திகள் கொண்ட ஒரு நீளப் பேரேடு எங்கள் வீட்டில் உருவாயிற்று. எந்த வழியில் அனுப்பினால் பிடித்தம் குறைகிறது என்பது ஆறே மாதத்தில் அந்தப் பேரேட்டிலிருந்து எங்களுக்குத் தெரிந்தது. பின்னர்ப் பழைய வாடிக்கையாளர்களின் பரிந்துரையால் புதிய கடைக்காரர்கள் நேரடியாகவே வந்தார்கள். அவர்கள் வங்கியிலிருந்து என் வங்கிக்கே பணம் அனுப்பினார்கள். வெளிநாட்டிலிருந்து பணம் வந்ததற்கு வங்கி தரும் சான்றுகளை அவர் தேதி வாரியாகக் கோத்து வைத்தார். அஞ்சலகத்தில் ஒப்புதல் சீட்டுகளைக் கோத்த அதே கைப்பழக்கம்!

ஓர் ஆண்டு முடிந்தது. கணக்கைக் காட்டினேன். மொத்த வரவு 1,74,000 ரூபாய். அரசு எழுத்தர் ஒருவரின் ஊதியத்துக்குக் குறைவுதான். அவர் கடைசிப் பக்கத்தின் அடியில் தேதியிட்டுக் கையொப்பம் இட்டார். வேறொன்றும் சொல்லவில்லை. மறுநாள் தேர்வுப் புத்தகங்கள் அலமாரியின் மேல்தட்டுக்குச் சென்றிருந்தன.

சோதனை வந்த ஆண்டு

2019-இல் ஒரு சோதனை வந்தது. ஒரு வாடிக்கையாளர் மூன்று மாதமாகப் பணம் அனுப்பவில்லை. நிலுவை 90,000 ரூபாய். தம்பியின் கல்லூரிக் கட்டணத்துக்கு அதைத்தான் நம்பியிருந்தோம். கட்டணத்துக்குக் கடைசி நாள் நெருங்கியது. உறவினர் ஒருவர் எங்கள் கூடத்திலேயே அமர்ந்து, "ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடினால் இப்படித்தான்" என்று உரக்கச் சொன்னார்.

தந்தையார் அவருக்கு மறுமொழி கூறவில்லை. என்னிடமும், 'அன்றே சொன்னேனே' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. "ஒப்புதல் இருக்கிறதா அம்மா?" என்று மட்டும் கேட்டார். இருந்தது. ஐந்தாம் கேள்வியை மனத்தில் வைத்து, மாதந்தோறும் முடித்த வேலையின் விவரத்தை அனுப்பி, பெற்றுக்கொண்டோம் என்ற மறுமொழியை எழுத்தில் வாங்கி வைத்திருந்தேன். அவற்றை அச்செடுத்துக் கொடுத்தேன். அவர் தமக்குப் பழக்கமான அஞ்சலக ஆங்கிலத்தில் கடிதம் எழுதினார். நான்கே வரிகள். இன்ன தேதியில் இன்ன வேலை ஒப்படைக்கப்பட்டது, இன்ன தேதியில் பெற்றுக்கொண்டதாக எழுதினீர்கள், தொகை இவ்வளவு, பணம் வந்தபின் வேலை தொடரும். கடுஞ்சொல் ஒன்று இல்லை. பத்து நாளுக்கு ஒரு முறை முதல் நினைவூட்டு, இரண்டாம் நினைவூட்டு என்று எண்ணிட்டு அனுப்பினோம்.

அதற்குள் கட்டணத்துக்கு உரிய நாள் வந்துவிட்டது. தம் வைப்புத் தொகை ஒன்றை முதிர்வுக்கு முன்பே முறித்துத் தந்தையார் கட்டினார். எங்களிடம் சொல்லவில்லை. கணக்குப் புத்தகத்தைக் கண்டு நானே அறிந்துகொண்டேன். ஐம்பத்திரண்டாம் நாள் நிலுவையில் மூன்றில் இரண்டு பங்கு வந்தது. எஞ்சியது அடுத்த மாதம் வந்தது. பணத்தை எடுத்துக்கொண்டு போய் அவர் முன் வைத்தேன். 'வேண்டாம் அம்மா' என்று சொல்லிவிடுவாரோ என்று அஞ்சினேன். அவர் நிதானமாக எண்ணினார். பேரேட்டில், 'மகளிடமிருந்து வரவு' என்று எழுதிக்கொண்டார். என்னைக் குழந்தையாக எண்ணாமல், கொடுக்கல் வாங்கலுக்கு உரிய ஒரு மனுஷியாக அவர் ஏற்றுக்கொண்ட நாள் அது. அந்த ஒரு வரியைவிடப் பெரிய நியமனக் கடிதத்தை நான் இதுவரை பெற்றதில்லை.

வேலியாக அமைந்த கேள்விகள்

அவருடைய ஐயங்கள் ஒவ்வொன்றும் பின்னர் என் தொழிலுக்கு வேலியாயின. வைப்பு நிதி இல்லையே என்று அவர் வருந்தியதால், அஞ்சலகத்திலேயே பொது வருங்கால வைப்பு நிதிக் கணக்கைத் தொடங்கினேன். அது 15 ஆண்டுத் திட்டம். ஓர் ஆண்டில் 500 ரூபாய் முதல் ஒன்றரை லட்சம் வரை கட்டலாம். ஒழுங்கான மாத ஊதியம் இல்லையே என்று அவர் கவலைப்பட்டதால், ஆறு மாதக் குடும்பச் செலவுக்கு உரிய தொகையைத் தனியே ஒதுக்கி வைத்தேன். 2020-இல் ஊரடங்கின்போது மெல்போர்ன் கடைகளும் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. அந்த ஒதுக்கீடுதான் எங்களைத் தாங்கியது. அரசுக்குத் தெரியாத பணம் நம் வீட்டில் இருக்கக்கூடாது என்று அவர் கண்டித்துச் சொன்னதால், முதல் ஆண்டிலிருந்தே வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்து வருகிறேன்.

அந்த வரிக்கணக்கு ரசீதுகள் எதிர்பாராத இடத்தில் உதவின. என்னைப் பெண் பார்க்க வந்த குடும்பத்துப் பெரியவர் ஒருவர், பெண்ணுக்கு என்ன வேலை என்று கேட்டார். தந்தையார் விளக்கம் ஒன்றும் கூறாமல், கோத்து வைத்த கட்டைக் கொண்டுவந்து அவர் முன் வைத்தார். அந்தப் பெரியவர் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கராக இருந்தவர். அரை மணி நேரம் புரட்டிப் பார்த்துவிட்டு, இவருடைய ஐந்து கேள்விகளுக்கு மேல் இன்னும் இரண்டு கேட்டார். அவரே என் மாமனார் ஆனார். என் புகுந்த வீடு மன்னார்குடி. இடமாற்ற உத்தரவுக்குக் காத்திராமல் என் வேலையும் என்னோடு வந்து சேர்ந்தது.

இத்தொழிலில் எல்லாம் இனிமை என்று எழுதினால் அது பொய்யாகும். மார்கழியில் மெல்போர்ன் நேரம் நம்மைவிட ஐந்தரை மணி முந்தியது. அங்கே ஒன்பதரைக்குக் கடை திறக்கும்போது இங்கே அதிகாலை நான்கு மணி. கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவையும் திருவெம்பாவையும் ஒலிக்கும் வேளையில் நான் வரவு செலவை ஒப்பிட்டுக்கொண்டிருப்பேன். ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான வரிக்கணக்குக்கு அக்டோபர் 28 கடைசி நாள். தீபாவளி அதை ஒட்டி வந்தால் பலகாரம் சுடும் நாளிலும் பட்டியல் சரிபார்க்க வேண்டும். பங்குனியில் ஆழித்தேர் விழாவும், மார்ச்சு மாதக் காலாண்டு முடிவும் ஒன்றாக வந்துவிடும். கண்ணும் முதுகும் நோகும். உடன் பணியாற்றுவோரின் துணையும் பேச்சும் கிடையாது. இவற்றை எல்லாம் அறிந்து இறங்குபவர்களுக்கே இது ஏற்ற வழி.

பெரியோர்களுக்கு ஒரு விண்ணப்பம்

இணையத்தில் சம்பாதிக்கப் போகிறேன் என்று உங்கள் பேரப்பிள்ளை சொன்னால், தயவுசெய்து உடனே ஆசீர்வதித்துவிடவும் வேண்டாம். சிரித்து ஒதுக்கிவிடவும் வேண்டாம். அந்த ஐந்து கேள்விகளைக் கேளுங்கள். கணினி தெரியாதே என்று நீங்கள் பின்வாங்க வேண்டியதில்லை. பணம் யாரிடமிருந்து, எதற்காக, எவ்வழியாக வருகிறது என்பதை விசாரிக்கக் கணினி அறிவு எதற்கு? ஆயுள் முழுவதும் குடும்பம் நடத்திய அனுபவம் போதும்.

சில அடையாளங்களைக் கண்டால் மட்டும் உறுதியாகத் தடுத்துவிடுங்கள். வேலை தருவதற்கு முன் பதிவுக் கட்டணம், பிணைத்தொகை என்று எதைக் கேட்டாலும் அது வேலை அன்று. உழைப்பவன் பணம் பெற வேண்டுமே தவிர, கட்டக்கூடாது. தொடக்கத்தில் சிறு தொகையைக் கொடுத்து நம்பிக்கையை ஊட்டுவது ஏமாற்றுவோரின் வழக்கமான உத்தி. இன்னொன்று மிகக் கொடியது. 'உன் வங்கிக் கணக்கைச் சில நாள் பயன்படுத்தக் கொடு. பங்கு தருகிறோம்' என்று இளைஞர்களிடம் கேட்கிறார்கள். பிறரிடம் திருடிய பணத்தைக் கடத்தத்தான் அது. பிடிபடுபவன் கணக்கைக் கொடுத்த பிள்ளையாகவே இருப்பான். கைப்பேசிக்கு வரும் ரகசிய எண்ணை எவர் கேட்டாலும் சொல்லக்கூடாது. ஒருவேளை பணம் பறிபோய்விட்டால், வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணை அழைக்கச் செய்யுங்கள். இணையக் குற்றங்களுக்காக அரசு அமைத்த உதவி எண் அது. எவ்வளவு விரைவில் தெரிவிக்கிறோமோ, பணத்தை வழியில் தடுத்து நிறுத்த அவ்வளவு வாய்ப்பு உண்டு. பிள்ளைகள் உடனே வந்து சொல்ல வேண்டுமானால், வீட்டில் ஏச்சு விழாது என்ற நம்பிக்கை அவர்களுக்கு முன்பே இருக்க வேண்டும்.

என் வயதை ஒத்தவர்களுக்கும் ஒரு சொல். பெற்றோர் கேள்வி கேட்டால் அவர்களுக்கு நம்மேல் நம்பிக்கை இல்லை என்று முகம் வாட வேண்டாம். சுந்தரருக்குப் பொன் கொடுத்தவன் சாட்சாத் பரமசிவன். ஆற்றில் இடச் சொன்னவனும் அவனே. இறைவனைத் தோழனாகவே பெற்றிருந்த சுந்தரர், அப்போதும் மச்சம் வெட்டி வைத்துக்கொண்டார். பொன் கிடைத்தபின் உரைத்தும் பார்த்தார். அதனால் அவருடைய பக்தி குறைந்துவிட்டதா? மாற்றுக் குறைவு தெரிந்ததும் இறைவனும் சினக்கவில்லை. அதைச் சரிசெய்து கொடுத்தான். உரைத்துப் பார்ப்பவர் வீட்டிலேயே இருப்பது பெரும் பேறு. கணக்கை அவர்கள் முன் விரித்து வையுங்கள்.

திருவாரூருக்கு வரும் அன்பர்கள் தியாகேசரைத் தரிசித்து, கமலாலயத்தை வலம் வரும்போது மாற்றுரைத்த விநாயகரையும் மறவாமல் வணங்குங்கள். புதிய வழியில் பொருள் தேடும் பிள்ளைகளுக்கு நேர்மையான உழைப்பும், அவர்களை உரைத்துப் பார்க்கும் பெரியவர்களுக்குப் பொறுமையும் அவர் அருள வேண்டும் என்று வேண்டிக்கொள்ளுங்கள்.